ஸ்டேட்டன் ஐலண்ட்ல கிரேக்கக் கோயில் மாதிரி வரிசையா நிக்குற அஞ்சு கட்டடம் யாருக்காக கட்டினது?

தம்பி கேட்டது இதுதான். நியூயார்க் போயிருந்தப்ப ஸ்டேட்டன் ஐலண்ட்ல வடக்குக் கரையோரமா பஸ்ல போனாராம், தண்ணியைப் பார்த்த மாதிரி பெரிய பெரிய தூண் வச்ச கட்டடம் அஞ்சு வரிசையா நின்னுச்சாம், பணக்காரர் பங்களாவா, பழைய கவர்மென்ட் ஆபீஸா, காலேஜா, அந்த இடத்துல போய் ஏன் இவ்ளோ பெருசா கட்டினாங்கன்னு கேட்டிருக்கார். நீங்க சொன்ன மூணுமே இல்ல தம்பி. வேலை செய்ய முடியாம கரை ஒதுங்கின வயசான கப்பல்காரங்க கடைசி வரைக்கும் காசு கொடுக்காம சாப்பிட்டு தூங்கி இருக்கறதுக்காக கட்டினது அது. பேரு செயிலர்ஸ் ஸ்னக் ஹார்பர். ஸ்னக் ஹார்பர்னா காத்து, அலை எதுவும் அடிக்காம கப்பல் நிம்மதியா நங்கூரம் போட்டு நிக்கற அடக்கமான துறைன்னு அர்த்தம்.

நான் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பார்த்தவன், அதனால இதைப் பத்தி பேசறப்ப கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க. நியூவர்க் துறைமுகத்துக்குப் போற கப்பல் எல்லாம் கில் வான் கல்னு ஒரு ஒடுக்கமான கால்வாய் வழியாத்தான் போகணும், கில்ங்கறது டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன வார்த்தை, கால்வாய்னு அர்த்தம். ஒரு பக்கம் நியூ ஜெர்சி, இன்னொரு பக்கம் ஸ்டேட்டன் ஐலண்ட், ரெண்டு பக்கமும் வீட்டு ஜன்னல் தெரியற அளவுக்கு கிட்ட இருக்கும். நான் முதல் தடவை அந்த வழியா போனப்ப டியூட்டி முடிஞ்சு மேல டெக்ல நின்னேன், இந்தக் கட்டட வரிசை கண்ணு முன்னாடி மெதுவா நகர்ந்து போச்சு, பக்கத்துல நின்ன போசன், அதாவது டெக் ஆளுங்களை மேய்க்கறவர், அது நம்மள மாதிரி ஆளுங்களுக்காக கட்டினதுன்னு சொன்னார், நான் நம்பல. நான் வளர்ந்த ஊர்ல வயசான கப்பல்காரரை மகன் வீட்டுத் திண்ணையிலதான் பார்த்திருக்கேன், மார்பிள் தூணுக்கு நடுவுல பார்த்ததில்ல. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் மகளைப் பார்க்கப் போறப்பல்லாம் அங்க ஒரு நாள் போயிட்டு வர்றேன், கிடைச்சதை எல்லாம் படிச்சிருக்கேன்.

1800 வாக்குல அமெரிக்காவுல ஒரு மாலுமியோட நிலைமை என்னன்னு முதல்ல தெரிஞ்சாத்தான் இது ஏன் பெரிய விஷயம்னு புரியும். பென்ஷன் கிடையாது, பிஎஃப் கிடையாது, பாதிப் பேருக்கு வீடும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. 1798ல அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு ஒவ்வொரு மாலுமி சம்பளத்துலயும் மாசம் 20 சென்ட் பிடிச்சு ஆஸ்பத்திரி செலவுக்கு வச்சுச்சு, அது உடம்பு சரியில்லாம போனா பார்க்கறதுக்கு. வயசாகி கை நடுங்கி பாய்மரம் ஏற முடியாம போனா என்ன செய்யறதுங்கறதுக்கு அதுல பதில் இல்ல. அனாதை விடுதி, இல்லன்னா துறைமுகத் தெருவோரம், அவ்ளோதான்.

இப்ப ராபர்ட் ரிச்சர்ட் ராண்டல் கதைக்கு வரேன். இவர் கப்பல்ல பெருசா போனவர் இல்ல, காசு சம்பாதிச்சது அப்பா தாமஸ் ராண்டல். அப்பா பிரைவடியர், அதாவது அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ வச்சுக்கிட்டு எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிச்சு சரக்கை விக்கறவர், அப்புறம் கப்பல் வியாபாரி. 1789ல ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியா பதவி ஏற்க நியூயார்க்குக்கு வந்தப்ப அவரை ஏத்திட்டு வந்த படகுல சுக்கான் பிடிச்சவரும் இந்த தாமஸ்தான். மகன் ராபர்ட் 1790ல மன்ஹாட்டன்ல அப்ப ஊருக்கு வெளிய வயக்காடா கிடந்த ஒரு பண்ணையை வாங்கினார், சுமார் 21 ஏக்கர். கல்யாணம் பண்ணிக்கல. 1801 ஜூன்ல படுத்த படுக்கையா இருந்தப்ப உயில் எழுதினார், அதை எழுதிக் கொடுத்தது அமெரிக்காவோட முதல் நிதி மந்திரியா இருந்த வக்கீல் அலெக்சாண்டர் ஹாமில்டன்னு சொல்வாங்க. சொத்தை யாருக்கு விடறதுன்னு ராண்டல் யோசிச்சப்ப இந்தப் பணம் எப்படி வந்துச்சுன்னு ஹாமில்டன் கேட்டாராம், கடல்லேர்ந்து வந்துச்சுன்னு இவர் சொன்னாராம், அப்ப கடல்காரங்களுக்கே போகட்டும்னு முடிவாச்சாம். இது வாய்வழியா வந்த கதை, ஆனா உயில்ல இருக்கறது நிஜம். வீட்டு வேலை பார்த்துக்கிட்ட வேலைக்கார அம்மாவுக்கு தங்கச் சட்டை பட்டனும் வருஷாவருஷம் ஒரு தொகையும், கூட இருந்த ஒருத்தருக்கு ஷூ பக்கிளும் கொஞ்சம் பணமும், இன்னும் சில பேருக்கு சின்னச் சின்னதா. அது போக மிச்ச அத்தனை சொத்தும் வயசாகி, தளர்ந்து, தேய்ஞ்சு போன மாலுமிகளுக்கு.

உயில்ல இன்னொரு புத்திசாலித்தனம் இருக்கு. டிரஸ்டிகளை ஆள் பேர் சொல்லிப் போடல, பதவி பேர் சொல்லிப் போட்டிருக்கார். நியூயார்க் மேயர், வணிகர் சங்கத் தலைவர், கப்பல் கேப்டன்கள் சேர்ந்து நடத்தின மரைன் சொசைட்டியோட தலைவர், சர்ச் பாதிரிமார் ரெண்டு பேர், இப்படி. ஆள் செத்தாலும் பதவியில யாராவது உக்காந்துதானே ஆகணும், அதனால டிரஸ்ட் சாகாது.

சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? கேஸ் மேல கேஸ். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஓடுச்சு. கடைசியா ஜான் இங்லிஸ்னு ஒருத்தர், கனடா பக்கம் நோவா ஸ்கோஷியாவுல பிஷப், நான்தான் வாரிசுன்னு வந்தார், அது அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அங்க கேள்வியே மாறிடுச்சு, ஏன்னா இவர் சுதந்திரப் போர் நடந்த சமயத்துல நியூயார்க்ல பிறந்தவர், அப்பா பிரிட்டிஷ் ராஜா பக்கம் நின்னு போர் முடிஞ்சதும் குடும்பத்தோட கிளம்பிட்டவர், அப்ப இந்த ஆளு அமெரிக்கரா பிரிட்டிஷாரான்னு ஜட்ஜுங்க பக்கம் பக்கமா எழுதினாங்க. குடியுரிமைச் சட்டம் படிக்கறவங்க இன்னைக்கும் அந்த 1830 தீர்ப்பைப் படிக்கறாங்க. உயில் செல்லும்னு தீர்ப்பாச்சு. மாலுமிகளுக்கு அதுதான் முக்கியம்.

ராண்டல் ஆசைப்பட்டது மன்ஹாட்டன் பண்ணையிலயே விடுதி கட்டணும்னு. ஆனா முப்பது வருஷத்துல ஊர் வளர்ந்து அந்தப் பண்ணை வாசல் வரைக்கும் வந்துடுச்சு, நிலத்தோட மதிப்பு எங்கயோ போயிடுச்சு. டிரஸ்டிங்க யோசிச்சாங்க, இங்க விடுதி கட்டறதை விட இந்த நிலத்தை விக்காம குத்தகைக்கு விட்டு அந்த வாடகையில வேற இடத்துல விடுதி நடத்தினா எவ்ளோ பேரை வச்சு காப்பாத்தலாம்னு. அதுக்கு சட்டசபையில அனுமதி வாங்கி 1831ல ஸ்டேட்டன் ஐலண்ட் கரையில 130 ஏக்கர் வாங்கினாங்க.

இதுல என்னை அசர வச்ச விஷயம் ஒண்ணு. நீங்க மன்ஹாட்டன்ல வாஷிங்டன் ஸ்கொயர் பார்க் போயிருப்பீங்க, அங்க வடக்குப் பக்கம் சிவப்பு செங்கல்ல, வாசல்ல வெள்ளைத் தூண் வச்சு வரிசையா வீடு இருக்கும், தி ரோன்னு சொல்வாங்க, அதுல ஃபிஃப்த் அவென்யூவுக்குக் கிழக்க இருக்கற 1லேர்ந்து 13ஆம் நம்பர் வரைக்கும் 1832, 33ல கட்டினது. பெரிய வியாபாரிங்க, பேங்க்காரங்க இருந்த வீடு. அந்த நிலம் ஸ்னக் ஹார்பர் நிலம், ராண்டலோட பண்ணை. அதே வருஷங்கள்லதான் ஸ்டேட்டன் ஐலண்ட்ல முதல் கட்டடமும் எழும்புது. அங்க பணக்காரர் வீட்டு வாசல்ல கிரேக்கத் தூண், இங்க கிழட்டு மாலுமி வாசல்ல அதைவிடப் பல மடங்கு பெரிய கிரேக்கத் தூண், அந்த வாடகை இந்தத் தூணுக்குப் போச்சு. பின்னாடி பிராட்வேல ஏ டி ஸ்டூவர்ட்ங்கற வியாபாரி இரும்பு வச்சுக் கட்டின பிரம்மாண்டமான ஜவுளிக்கடை வந்ததும் இதே பண்ணை நிலத்துலதான். நியூயார்க் வளர வளர மாலுமிக்கு சோறு கூடுச்சு, அவ்ளோ நேரடியான கணக்கு.

இப்ப கட்டடத்துக்கு வருவோம், நீங்க கேட்டதே அதானே. நடுவுல இருக்கறது சி பில்டிங், மெயின் ஹால், அதுதான் முதல்ல வந்தது, 1831ல ஆரம்பிச்சு 1833ல திறந்தாங்க, முப்பது சொச்சம் மாலுமிங்க முதல்ல வந்து சேர்ந்தாங்க. வடிவமைச்சது மைனார்ட் லஃபீவர். ரொம்ப காலம் மார்ட்டின் தாம்சன் பேர்லதான் இது இருந்தது, ஏன்னா கட்டுமானத்தைக் கூட நின்னு பார்த்தவர் அவர், பழைய ஆவணத்தைத் தோண்டினப்பதான் லஃபீவர் பேர் வெளிய வந்துச்சு. முன்னாடி எட்டு ஐயோனிக் தூண், தலையில ஆட்டுக்கொம்பு மாதிரி சுருள் இருக்குமே அது, மேல முக்கோண முகப்பு. ரெண்டு பக்கமும் பியும் டியும், பெரிய தூண் இல்லாம அடக்கமா இருக்கும், வாசல்ல மட்டும் சின்னதா ஒரு மண்டபம், 1840 வாக்குல கட்டினது. ரெண்டு ஓரத்துலயும் ஏ, ஈ, இது ரெண்டும் 1879, 80ல வந்தது, ஒவ்வொண்ணுலயும் ஆறு தூண். எட்டு நடுவுல, ஆறு ஓரத்துல, நடுவுல ரெண்டு அமைதி, இந்தத் தாளம்தான் கண்ணைக் கட்டுது. ஓரத்துல இருக்கறது ரெண்டும் கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு வந்துச்சுன்னு பார்த்தா தெரியவே தெரியாது. அப்ப ஊர்ல வேற ஃபேஷன் ஓடுது, இருந்தும் முன்னாடி எழுதின வரிக்கு எதுகை சேர்க்கற மாதிரி பழைய பாணியிலயே கட்டியிருக்காங்க, அதுக்காகவே அவங்களை நான் மதிக்கறேன். அஞ்சையும் இணைக்கற மாதிரி மூடின நடைபாதை இருக்கு, பனி கொட்டறப்ப வயசானவங்க வெளிய வராம டைனிங் ஹால் போகணும்ல.

ஏன் கிரேக்க பாணின்னா, அது அந்தக் காலத்துக் காத்து. 1760கள்லேர்ந்தே ஸ்டூவர்ட், ரெவெட்னு ரெண்டு பிரிட்டிஷ்காரங்க ஏதென்ஸ் போய் கோயில்களை அளந்து வரைஞ்ச படங்கள் அச்சுல சுத்திட்டு இருந்துச்சு, 1820கள்ல கிரேக்க நாடு துருக்கி ஆட்சிய எதிர்த்து சண்டை போட்டப்ப அமெரிக்காவே அவங்க பக்கம் உருகுச்சு, ஜனநாயகம் பிறந்த ஊர் நம்ம முன்னோடின்னு ஒரு நினைப்பு. பேங்க், கஸ்டம்ஸ் ஹவுஸ்னு எல்லாத்தையும் கோயில் மாதிரி கட்டினாங்க, வால் ஸ்ட்ரீட்ல இப்ப ஃபெடரல் ஹால்னு இருக்கறது அப்ப கட்டின கஸ்டம்ஸ் ஹவுஸ்தான். ஆனா அங்கல்லாம் உள்ள இருந்தது பணம், கணக்கு. இங்க உள்ள இருந்தது கயிறு இழுத்து விரல் கோணிப்போன ஆளுங்க. அந்த வித்தியாசத்தை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன்.

உள்ள வாழ்க்கை எப்படி? எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் சேர்த்துக்குவாங்க, அமெரிக்கக் கொடி போட்ட கப்பல்ல சில வருஷம் வேலை பார்த்திருக்கணும்ங்கறதுதான் கண்டிஷன். துணி, சாப்பாடு, புகையிலை, டாக்டர் எல்லாம் ஃப்ரீ. சொந்தப் பண்ணை, பேக்கரி, லாண்டரி, ஆஸ்பத்திரி, சர்ச், கல்லறை வரைக்கும் இருந்துச்சு, தனி ஊரு மாதிரி. அவங்களை ஸ்னக்ஸ்னு ஊர்க்காரங்க கூப்பிடுவாங்க. கூடை பின்றது, கப்பல் மாடல் செய்யறது, மத்த நேரம் கரையில உக்காந்து போற வர்ற கப்பலைப் பார்த்து விமர்சனம் பண்றது. நடத்தறவர் பேரே கவர்னர், பெரும்பாலும் பழைய கேப்டன். 1867லேர்ந்து 1884 வரைக்கும் கவர்னரா இருந்தது தாமஸ் மெல்வில், எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லோட தம்பி, அண்ணன் அப்ப நியூயார்க் துறைமுகத்துல கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டரா இருந்தார், தம்பியைப் பார்க்க அங்க வந்து போவார்.

எல்லாம் சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். ஜெயில் மாதிரி கண்டிப்பு. உள்ள குடிக்கக் கூடாது, வெளிய கேட் தாண்டினா சாராயக் கடை, மீறினா கொஞ்ச நாள் வெளிய அனுப்பிடுவாங்க. ஆயுசு முழுக்க யாரோ ஒருத்தர் ஆர்டர்ல வாழ்ந்தவங்களுக்கு கடைசியிலயும் ஆர்டர்தான். 1863ல ஒரு மாலுமி அங்க இருந்த பாதிரியாரையே சுட்டுக் கொன்னுட்டு தன்னையும் சுட்டுக்கிட்டார். பல நூறு தனி ஆளுங்க, குடும்பம் இல்லாம, வேலை இல்லாம ஒரே இடத்துல, அந்த இறுக்கம் கப்பல்ல ஆறு மாசம் இருந்தவங்களுக்குப் புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தாங்க, டிரஸ்ட்கிட்ட பணம் கொட்டிச்சு. 1834லயே ராண்டலோட எலும்பை மன்ஹாட்டன்லேர்ந்து கொண்டு வந்து மெயின் பில்டிங் முன்னாடி அடக்கம் பண்ணிட்டாங்க. 1884ல அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் செஞ்ச ராண்டல் சிலை வந்துச்சு, அதே வருஷம் மெயின் ஹால் உள்ள கூரை முழுக்க கடல் சம்பந்தமான சித்திரம் வரைஞ்சாங்க. 1892ல மியூசிக் ஹால், அடுத்த வருஷம் நெப்டியூன் ஃபவுண்டன், மார்பிள்ல பெரிய குவிமாடம் வச்ச ஒரு சர்ச். இவங்களோட முத்திரையில லத்தீன்ல ஒரு வரி இருக்கு, களைச்சுப் போன நாங்க துறை தேடி வர்றோம்னு. மூணே வார்த்தை. டியூட்டி முடிஞ்சு படி ஏறி வர்றவனுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

அப்புறம் இறக்கம். 1935ல சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசாங்க பென்ஷன் திட்டம் வந்துச்சு, யூனியன் பென்ஷன் வந்துச்சு, அமெரிக்கக் கொடிக் கப்பலும் குறைஞ்சுச்சு. 1950கள்ல ஆளு எண்ணிக்கை ரொம்பச் சுருங்கிடுச்சு, கட்டடம் பராமரிக்க முடியல. 1952ல அந்த மார்பிள் சர்ச்ச இடிச்சுட்டாங்க, ஆஸ்பத்திரியும் போச்சு. 60கள்ல டிரஸ்டிங்க அடுத்த கட்டமா இந்த வரிசையிலயே கை வைக்கப் பார்த்தாங்க, பழசை இடிச்சுட்டு புதுசா வசதியான விடுதி கட்டலாம்னு. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, உயில்ல தூணைக் காப்பாத்துன்னு இல்ல, மாலுமியைக் காப்பாத்துன்னுதான் இருக்கு.

ஆனா அதுக்குள்ள மன்ஹாட்டன்ல இருந்த பழைய பென்சில்வேனியா ரயில்வே ஸ்டேஷனை 1963ல இடிக்க ஆரம்பிச்ச கோபம் ஊர் முழுக்க இருந்துச்சு, 1965 ஏப்ரல்ல பழைய கட்டடங்களைக் காக்கற சட்டம் வந்துச்சு, அந்த வருஷம் அக்டோபர்லயே இந்த அஞ்சையும் லேண்ட்மார்க்குன்னு அறிவிச்சுட்டாங்க, முதல் முதலா அறிவிச்ச கூட்டத்துல இதுவும் ஒண்ணு. டிரஸ்டிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1967ல கீழ்க் கோர்ட்டுல ஜெயிச்சாங்க. 1968ல மேல் கோர்ட் அதைத் தள்ளிட்டு, கட்டடத்தை வச்சுக்கறது உங்க தர்ம காரியத்தை செய்ய விடாம தடுக்குதா, இல்ல பெருசா இடைஞ்சல் பண்ணுதா, அதைக் காட்டுங்கன்னு சொல்லி திரும்ப விசாரிக்க அனுப்புச்சு. இந்தச் சட்டத்தை வச்சு நடந்த பேர்போன கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் கேஸ் 1978லதான் முடியுது, அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி இது. சர்ச், டிரஸ்ட் மாதிரி லாபம் பார்க்காத அமைப்புகளோட பழைய கட்டடம்னு வந்தா நியூயார்க்ல இன்னைக்கும் இந்த அளவுகோலைத்தான் எடுப்பாங்க. கடைசியில இழுத்துக்கிட்டே போகாம 70கள் ஆரம்பத்துல நியூயார்க் சிட்டியே இடத்தை விலைக்கு வாங்கிடுச்சு.

மாலுமிங்க என்ன ஆனாங்க? 1976ல மிச்சம் இருந்தவங்களை வட கரோலைனாவுல சீ லெவல்ங்கற ஒரு சின்ன கடலோர ஊர்ல கட்டின புது விடுதிக்கு அனுப்பிட்டாங்க. ராண்டல் சிலையும் கூடவே போயிடுச்சு, இங்க நிக்கறது நகல். புது இடம் வசதியா இருந்திருக்கும், டாக்டர் கிட்ட இருந்திருப்பார், நான் மறுக்கல. ஆனா துறைமுக வாசல்ல உக்காந்து ஒவ்வொரு கப்பலோட கொடியையும் புகைபோக்கியையும் பார்த்து எந்தக் கம்பெனின்னு சொல்லிட்டு இருந்தவரைத் தூக்கி கிராமத்துல வச்சது எனக்கு இன்னும் மனசுல ஆறல. கட்டடம் தங்குச்சு, ஆளு போயிட்டாங்க, ரெண்டையும் சேர்த்துக் காப்பாத்த ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கலாம்ங்கறதுதான் என் எண்ணம். டிரஸ்ட் இன்னும் இருக்கு, இப்ப விடுதி நடத்தறதில்ல, அவங்கவங்க வீட்லயே இருக்கற வயசான மாலுமிகளுக்கு உதவி செய்யுது.

இப்ப அந்த இடம் ஸ்னக் ஹார்பர் கல்ச்சுரல் சென்டர், பொட்டானிக்கல் கார்டனும் சேர்ந்து 83 ஏக்கர். சூஜோ ஊர் கைவினைக்காரங்க வந்து அமைச்ச சீனத் தோட்டம் 1999லேர்ந்து இருக்கு. ஏ பில்டிங்ல ஸ்டேட்டன் ஐலண்ட் மியூசியம். நீங்க திரும்பப் போனா டி பில்டிங்ல இருக்கற நோபிள் மேரிடைம் கலெக்‌ஷனை விட்டுடாதீங்க, ஜான் நோபிள்ங்கற ஓவியர் இந்தத் துறைமுகத்தையும் அதுல வேலை பார்த்த ஆளுங்களையும் வரைஞ்சவர், அந்த மியூசியத்துக்காக பில்டிங்கை சீர் பண்ணினது பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலண்டியருங்க.

போற வழி சுலபம், மன்ஹாட்டன் தெற்கு முனையில ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி ஏறுங்க, காசு கிடையாது, இறங்கி எஸ் 40 பஸ் பிடிச்சா கொஞ்ச நேரத்துல வாசல்ல விடும். உள்ள போய் சி பில்டிங் படியில ஏறி, எட்டுத் தூணுக்கு நடுவுல தண்ணியைப் பார்த்து உக்காருங்க. எதிர்ல ரோடு, அதுக்கு அந்தாண்ட கால்வாய், கண்டெய்னர் கப்பல் டக் (இழுவைப் படகு) போட்டு நியூவர்க் பக்கம் மெதுவா போகும். டெக்ல ஆளு யாராச்சும் நின்னா கையைக் காட்டுங்க தம்பி, அங்கேருந்து பார்க்கறவனுக்கு நல்லாத் தெரியும்.